மெற்றில்டா அக்கா கேட்காத கேள்வி

எனக்கு ஒருவரையும் இலகுவில் நம்புகிற பழக்கம் இல்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். கோயிலில் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவர் கண்ணை இறுக்கி மூடிச் செபித்தால், இந்த ஆளுக்கு வீட்டில் என்ன கரைச்சலோ என்றுதான் என் புத்தி போகும். சண்டைக் காலத்தில் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் குடியிருந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய குறை இல்லை. நம்பிக் கெட்டவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். சந்தேகப்பட்டுக் கெட்டவர்களை அவ்வளவாகத் தெரியாது.

ஆகவே மெற்றில்டா அக்கா எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்தபோது நான் முதலில் சந்தேகித்தது அவருடைய பக்தியைத்தான். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை மறைப்பு மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் விடியக்காலை அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய குரல் கேட்கும். “இண்டைக்கும் நான் உம்மோடதான்.” கலியாணம் கட்டாமல் தனியாக இருக்கிற பெண் காலங்காத்தாலே யாரோடு கதைக்கிறார்? பலகையில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தேன். மறு குரல் ஒன்றும் வரவில்லை. கடைசியில் சீனி கேட்கிற சாட்டில் வெள்ளனப் போய்க் கதவைத் தட்டினேன். சுவரில் திரு இருதயப் படம், அதற்கு முன்னால் அக்கா, காலில் செருப்பும் தோளில் பையுமாக. வேலைக்கு வெளிக்கிடுவதற்கு முதல் ஆண்டவருக்குச் சொல்லிவிட்டுப் போகிறாராம்.

“ஒவ்வொரு நாளும் சொல்ல வேணுமே அக்கா? ஞானஸ்நானத்தில சொன்னது காணாதே?” என்று கேட்டேன்.

“அது எனக்காக அம்மாவும் ஞானத்தாயும் சொன்னது. இது நானாச் சொல்லுறது,” என்றார்.

அவருடைய கதை பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் ரெலிபோன் ஒப்பரேட்டர் வேலை. குடும்பம் முந்தி வெள்ளவத்தையில் இருந்தது. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் வீட்டைக் கொளுத்தி விட்டார்கள். தகப்பன் அகதி முகாமிலேயே படுத்து, பிறகு எழும்பவில்லை. அண்ணன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அக்காவையும் கூப்பிட்டார், இவர் போகவில்லை. முகாமில் ஒரு பள்ளிக்கூட வாங்கில் படுத்திருந்தபோது, கொளுத்தினவனை மன்னிக்கச் சொல்கிற வேதம் இனித் தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று யோசித்தாராம். “அதுவரைக்கும் நான் கத்தோலிக்க வீட்டில பிறந்தனான் எண்டு கோயிலுக்குப் போனனான். வேண்டாம் எண்டு விட்டிருக்கலாம், ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம். யோசிச்சு யோசிச்சு வேணும் எண்டு எடுத்தனான். ஆனால் இமெல்டா, ஒருக்கா எடுத்தால் நிக்குது இல்லை. விடிஞ்சால் திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கு,” என்றார்.

இப்படிச் சொல்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சொல் ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம். அதனால் அக்காவை வருடக்கணக்காகக் கண்காணித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கேயாவது ஒரு இடத்தில் பிடிபடுவார் என்று பார்த்தால், மனுசி பிடிபடவே இல்லை. அவர் வேலை செய்கிற கந்தோரில் விசாரித்தால், சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்ததும் எல்லாருக்கும் முன்னால் சிலுவை போட்டுத்தான் சாப்பிடுவார். பொய் சொல்ல மாட்டார். மேலதிகாரி இருந்துகொண்டே, ரெலிபோனில் கேட்கிறவரிடம் இல்லை என்று சொல்லச் சொன்னால், “இப்ப கதைக்கேலாதாம்” என்று சொல்லி விடுவார். யாரைப் பற்றியாவது நான் ஒரு கதையைத் தொடங்கினால் உடனே செபமாலையைக் கையில் எடுப்பார். “சரி, அவவுக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிப்போட்டுக் கதைப்பம்.” ஒழுங்கையில் ஒரு வீட்டுச் சங்கதி கதைத்து முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டு போகும்.

பின்னேரங்களில் அவர் வீட்டில் செபமாலை. வழமையாக வருகிறவர்கள் நாங்கள் நாலு பேர். துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்த ஹெக்டர் அங்கிள், வளர்ந்த மகனை வெளியே விடப் பயந்து சாகிற மாக்ரெட் அன்ரி, மின்சார வேலை செய்கிற பீற்றர், பிறகு நான். கோட்டையில் குண்டு வெடித்த பிறகு, தமிழர் நாலு பேர் ஒரு வீட்டில் கூடினாலே எட்டிப் பார்க்கிற காலம் வந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுவோம் என்றேன். “சாத்தினால்தான் எட்டிப் பாப்பினம்,” என்று அக்கா கதவை நன்றாக அகலத் திறந்து விட்டார். நான் தெருவைப் பார்த்தபடிதான் முழங்காலில் நிற்பேன்.

அந்த வருடம் மாரியில்தான் டோரின் வந்தாள். அக்காவுடைய பின் அறை சும்மா கிடந்தது. சந்தியில் ஹமீட் நானாவின் கடையில் ஒரு மட்டை எழுதித் தொங்கவிட்டோம். ‘கத்தோலிக்கப் பெண்பிள்ளைக்கு மட்டும்’ என்று அதில் எழுதச் சொன்னது நான். ஆள் யார் எவர் என்று தெரியாத காலத்தில், கோயிலாவது தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தேன். டோரின் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபத்து மூன்று, இருபத்து நாலு இருக்கும். வவுனியாவில் கிடந்து, கொழும்புக்கு வரப் பாஸ் எடுத்து வந்தவள். வெளிநாடு போகக் காத்திருக்கிறாளாம். “கத்தோலிக்கமோ?” என்று அக்கா கேட்கவில்லை, நான் கேட்டேன். “ஓம்,” என்றாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. நிலத்தைப் பார்த்துச் சொல்கிற ஓமை நான் நம்புவதில்லை.

முதல் பின்னேரமே பிடித்தேன். பரலோக மந்திரம் வந்தது. நாங்கள் எல்லோரும் தீமையிலிருந்து இரட்சிக்கக் கேட்டு, ஆமென் சொல்லி நிறுத்தினோம். ஒரு குரல் மட்டும் நிற்காமல் மேலே போனது. “இராச்சியமும் வல்லமையும்...” என்று போய், தான் தனியாகப் போவதை உணர்ந்து டக்கென்று நின்றது. டோரினின் முகம் செத்துப் போனது. ஹெக்டர் அங்கிள் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மாக்ரெட் அன்ரியைப் பார்த்தேன். அக்கா ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த மணிக்குப் போனார்.

அந்த நீட்டு முடிவு புரொட்டஸ்தாந்துக்காரர் சொல்வது. கத்தோலிக்கப் பிள்ளைக்கு அது வாயில் வராது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வராது. பிறகு பார்த்தால், மாதாவை வேண்டுகிற அருள் நிறைந்த மந்திரத்துக்கு அவளுடைய உதடு மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. ஞாயிறு பூசையில் நற்கருணை நன்மை எடுக்க எல்லோரும் எழும்பிப் போக, இவள் வாங்கிலேயே இருக்கிறாள். கேட்டால், “பாவசங்கீர்த்தனம் செய்யேல்லை அன்ரி,” என்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம், மாமி வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வெளிக்கிடுகிறாள். பெண்பிள்ளைகளே குண்டைக் கட்டிக்கொண்டு போகிற காலம் அது. பையை அப்படி அணைக்கிறவளைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறாமல் என்ன செய்யும்?

ஒரு ஞாயிறு அவளுக்குப் பின்னால் நானும் பஸ் ஏறினேன். வெள்ளவத்தையில் இறங்கி, கடல் பக்கமாகப் போகிற ஒரு ஒழுங்கையில் திரும்பி, ஒரு சின்னச் சேர்ச்சுக்குள் போனாள். மாதா சுரூபம் இல்லை, மெழுகுதிரி இல்லை. புரொட்டஸ்தாந்துச் சேர்ச். மதிலுக்கு வெளியே நின்று அவர்களுடைய பாட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். மனம் ஆறவில்லை, இன்னும் கூடியது. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கம், வெள்ளவத்தையில் புரொட்டஸ்தாந்து, இவள் இன்னும் கொஞ்சம் தள்ளித் தெஹிவளைக்குப் போனால் என்னவாக இருப்பாள்?

செபமாலைக்கு வந்த மூன்று பேருக்கும் அதைச் சொன்னேன். சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். மாக்ரெட் அன்ரி அழுதே விட்டார். “என்ர பெடியனையும் சேர்த்தெல்லோ கொண்டு போவாங்கள்.” ஹெக்டர் அங்கிள், “நாங்களாப் போய்ப் பொலிஸில சொன்னால் எங்களுக்கு நல்லது,” என்றார். பீற்றர் வாயே திறக்கவில்லை, அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. கடைசியில் எல்லோருக்காகவும் நான்தான் அக்காவிடம் போனேன்.

“அக்கா, அவள் கத்தோலிக்கம் இல்லை.”

“தெரியும்.”

“தெரியுமோ? அப்ப கூப்பிட்டு வைச்சுக் கேளுங்கோவன்!”

அக்கா நெத்தலி கிள்ளிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. “கேட்டால் பயத்தில இன்னுமொரு பொய் சொல்லுவாள். அவளைப் பொய் சொல்ல வைச்ச பாவம் எனக்கு. தானாச் சொல்லுற நேரம் சொல்லட்டும்.”

“அதுக்கிடையில எங்களைப் பிடிச்சுக்கொண்டு போனால்?”

“பயமாத்தான் கிடக்கு,” என்றார். “எனக்கும் இரவில நித்திரை இல்லை இமெல்டா. ஆனால் ஒவ்வொரு நாளும் விடிய உம்மோடதான் எண்டு சொல்லிப்போட்டு, அறைக்குள்ள இருக்கிறவளை வெளியில போ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.”

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பக்தி என்றால் பக்தியோடு நிற்க வேண்டும், ஒழுங்கை முழுவதையும் சேர்த்துக் கொண்டுபோய் உள்ளே வைக்கக் கூடாது.

பொலிஸ் வந்தது ஒரு புதன்கிழமை காலையில். அக்கா பூசை முடிந்து வந்து முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. ஜீப் வேறு எந்த வீட்டிலும் நிற்காமல் நேரே அவர் வாசலில் வந்து நின்றது. சுற்றிவளைப்பு என்றால் வீடு வீடாக வருவார்கள். இது அப்படி இல்லை, யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒழுங்கை முழுவதற்கும் விளங்கியது. டோரின் பொலிஸில் பதிந்துதான் இருந்தாள், அடையாள அட்டையும் சரியாகத்தான் இருந்தது. அதெல்லாம் அவர்களுக்குப் போதவில்லை.

“மே கெல்ல நோனாகே கவுத?” என்று பொறுப்பாக வந்தவன் கேட்டான். இந்தப் பெண் உங்களுக்கு யார் என்று. அது எங்கள் எல்லோருக்கும் பழகிய கேள்வி. அதற்குக் கொழும்புத் தமிழர் முழுப்பேரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: தங்கச்சியின் மகள், அக்காவின் மகள், மச்சாளின் மகள். அதைச் சொன்னால் அரைவாசி நேரம் விட்டுவிட்டுப் போவார்கள். நான் என் வாசலில் நின்று கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், அண்ணனின் மகள் என்று வாயசைத்தும் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்.

“சொந்தம் இல்லை.”

“எவ்வளவு காலம் பழக்கம்?”

“மாரியில் வந்த பிள்ளை. முந்தித் தெரியாது.”

“தெரியாத ஆளுக்கு யார் பொறுப்பு நிற்கிறது?”

“நான்.”

அவன் சிரித்தான். பெண் பொலிஸ் ஒருத்தி டோரினை ஜீப்பில் ஏற்றினாள். பிள்ளை அழக்கூட இல்லை, பல்லுக் கிட்டிப் போய் இருந்தாள். ஒருவரும் கூப்பிடாமலே அக்காவும் பின்னால் ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. ஒரு பொய், ஒரேயொரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் இது தேவையில்லை என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்போதுதான் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“இமெல்டா, அவள் ஞாயிற்றுக்கிழமையில போற இடம் உனக்குத் தெரியும்தானே. போய் அங்க ஆரையாவது கூட்டிக்கொண்டு வா.”

பின்னால் போனதை நான் அக்காவுக்குச் சொல்லவே இல்லை. மற்ற மூன்று பேரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு அவர் இத்தனை நாளும் என்னோடு சிரித்துக் கதைத்திருக்கிறார்.

போனேன். அன்பினால் போனேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை உண்மையில் யார் என்று அறியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேர்ச்சுக்குப் பின்னால் இருந்த வீட்டில் போதகர் இராஜநாயகம் என்று ஒரு மெலிந்த மனிதர் இருந்தார். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். பொலிஸ் டோரினைக் கேட்டதைவிட நான் அவரைக் கூடக் கேட்டிருப்பேன். எந்த ஊர், தகப்பன் என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் யார். அவர் பொறுமையாகச் சொன்னார். அவரும் டோரினின் தகப்பனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். தகப்பன் இடம்பெயர்ந்து போகிற வழியில் காய்ச்சலில் இறந்து போனாராம். பிள்ளை ஞாயிறு பின்னேர ஆராதனைக்கு வந்து பின்வாங்கில் இருக்கும், பையில் தகப்பனின் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் இருக்கும். “கத்தோலிக்கம் எண்டு சொல்லித்தான் அறை எடுத்தவளாம். மனச்சாட்சி குத்துது, சொல்லிப்போடட்டோ எண்டு என்னட்டக் கேட்டவள். சொல்லச் சொன்னனான். பயந்திட்டாள் போல,” என்றார்.

இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிஸ் நிலையத்தில் விட்டேன். அங்கே அக்கா வாங்கில் இருந்தார், மடியில் செபமாலை. உள்ளே விட மாட்டோம், வீட்டுக்குப் போ என்று அவர்கள் சொல்ல, போகாமல் அங்கேயே இருந்தார். போதகரை விசாரித்து, யாழ்ப்பாணத்துப் பக்கம் விசாரித்து, அடுத்த நாள் மத்தியானம்தான் டோரினை விட்டார்கள். கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு, “நான் பொய் சொல்லித்தான் வந்தனான்,” என்று கதறினாள். அக்காவும் கூடவே அழுதார். கஞ்சி வைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தோம்.

பின்னேரம் பாய் விரிக்கிற நேரம் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். அக்கா மெதுவாகச் சொன்னார். “வெளிக்கிடேக்க பொலிஸ் பெரியவர் என்னைக் கூப்பிட்டவர். ரெலிபோனில ஒரு ஆள் சொன்னதாம். எல்லாரும் செபத்தை முடிச்ச பிறகும் இந்தப் பிள்ளை முடிக்காமல் கூடச் சொல்லுறாள், கள்ளக் கத்தோலிக்கம் எண்டு.”

அந்தச் சங்கதி இந்தப் பாயில் முழங்காலில் நின்ற ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். ஹெக்டர் அங்கிள் வீட்டில் ரெலிபோன் இருக்கிறது. மாக்ரெட் அன்ரிக்கு மகனைப் பற்றிய பயம். பீற்றர் பொலிஸ் குவாட்டர்ஸில் ஃபான் திருத்தப் போய் வருகிறவன்.

“ஆராம் அக்கா? பேர் சொன்னவரோ?”

“சொல்லட்டோ எண்டு கேட்டவர். வேண்டாம் எண்டிட்டன்.”

“விசரோ உங்களுக்கு? ஏன்?”

“தெரிஞ்சால் அந்த ஆளோட சேர்ந்து செபமாலை சொல்ல என்னால ஏலாது. நான் அவ்வளவு நல்ல மனுசி இல்லை,” என்றார் அக்கா. “தெரியாட்டில் நாலு பேரையும் ஒரேமாதிரிப் பாக்கலாம்.”

நாலு பேர். அந்தக் கணக்கு என் காதில் விழ ஒரு நிமிடம் எடுத்தது. வெயிலில் வெள்ளவத்தைக்கு ஓடினவள் நான், போதகரைக் கூட்டி வந்தவள் நான். என்னையும் அந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்.

“அக்கா, நான் இல்லை.”

“நான் கேக்கேல்லையே இமெல்டா,” என்றார். குரலில் ஒரு கோபமும் இல்லை, ஒரு குத்தலும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. கேட்டிருந்தால் ஆண்டவர் மேல் சத்தியம் பண்ணியிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹெக்டர் அங்கிள், மாக்ரெட் அன்ரி, பீற்றர், மூன்று பேரும் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்கா எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு இருத்தினார். “இண்டைக்கு வியாழன், சந்தோச தேவ இரகசியம். முதலாம் பத்து இமெல்டா சொல்லட்டும்,” என்றார்.

நான் தொடங்கினேன். யாருடைய குரல் நடுங்குகிறது என்று பிடித்துவிட வேண்டும் என்று காதைக் கூராக்கி வைத்துக்கொண்டு சொன்னேன். அங்கிளின் குரல் நடுங்கவில்லை, அன்ரியின் குரல் நடுங்கவில்லை, பீற்றரின் குரலும் நடுங்கவில்லை. நடுங்கியது என்னுடையதுதான். மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.